கொட்டகையில் நிற்கும் பழைய பைக்கை வீட்டிலேயே ஓட வைப்பது எப்படி: டெல்டா ஈரத்துக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் பழைய வண்டி ஒன்று சாக்குப் போர்த்தி நிற்கும். ஆர்எக்ஸ் 100, எஸ்டி, ராஜ்தூத், புல்லட், ஹீரோ ஹோண்டா சிடி 100, டிவிஎஸ் 50, எதுவாகவும் இருக்கலாம். இன்ஜின் போய் நின்ற வண்டிகள் இவற்றில் குறைவுதான். வீட்டுக்குப் புது வண்டி வந்திருக்கும், தாத்தா ஓட்டுவதை நிறுத்தியிருப்பார், அதோடு இது ஓரமாகப் போயிருக்கும். அப்புறம் நாலைந்து மழைக்காலம் ஈரம் ஏறி டேங்க், கார்புரேட்டர், பிரேக், வயர் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் பக்கத்தில் பழைய வண்டி வேலை என்றால் பாதி ஈரத்தோடு போடும் சண்டைதான்.

வேலையின் வரிசையைப் பற்றி மட்டும் நான் கறாராகச் சொல்வேன். முதலில் பேப்பர், அடுத்து ஓட வைப்பது, அடுத்து பிரேக், கடைசியில்தான் பெயிண்ட். வாங்கிய அன்றே நட்டு போல்ட்டு வரை கழற்றி, சேசிஸைப் பெயிண்டுக்குக் கொடுத்துவிட்டு, இன்ஜினை மூட்டையில் கட்டி வைத்த வண்டிகள் பல கடைசியில் அந்த மூட்டையோடு பழைய இரும்புக்குத்தான் போகின்றன. ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்ட வண்டிக்குச் செலவு செய்ய மனசும் வரும், எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்றும் தெரியும். இரண்டாவது, வண்டி முழுசாக இருக்கும்போதுதான் எது எங்கே போகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ள முடியும்.

பேப்பர்

ஆர்.சி. புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். துருவில் நம்பர் தெரியவில்லை என்றால் டீசல் நனைத்த துணியாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷாலும் தேய்த்தால் போதும். உப்புத்தாளோ கிரைண்டரோ அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. நம்பர் அழிந்தால் வண்டி செத்த மாதிரிதான், எஃப்.சி.க்குக் கொண்டுபோனால் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

சொந்த உபயோக பைக்குக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், அதற்கு படிவம் 25. புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி, தாமதத்துக்கு அபராதம் எல்லாம் தனித்தனி, அவ்வப்போது ஏறுகிறது, அதனால் வண்டிக்கு விலை பேசும் முன்னாலேயே உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிடுங்கள். தஞ்சாவூர் என்றால் டிஎன் 49, திருவாரூர் 50, நாகப்பட்டினம் 51, கும்பகோணம் 68, மயிலாடுதுறை 82. வேறு ஊர் நம்பர் என்றால் அந்த ஊரிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், அது படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. வண்டி தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றோடு படிவம் 31. பழைய ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள், கடனை அடைத்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து அதை நீக்காதவர்கள் நிறைய. பரிவாகன் தளத்தில் நம்பர் போட்டு ஒன்றுமே வரவில்லை என்றால் பழைய பதிவு கம்ப்யூட்டரில் ஏறாமல் இருக்கலாம், ஆபீஸில் கேட்டு ஏற்றச் சொல்ல வேண்டும். பேப்பரே இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

முதல் வண்டியாக எதை எடுக்கலாம் என்று கேட்டால் சிடி 100 அல்லது பழைய ஸ்பிளெண்டர் என்பேன். 97 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், அதே குடும்பத்து இன்ஜின் இன்றும் ஓடுவதால் கடைத்தெருவில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். ஆர்எக்ஸ் 100 மேல் எல்லாருக்கும் ஆசை, எனக்கும் உண்டு, ஆனால் 1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி, டூப்ளிகேட் சாமான் மலிந்து கிடக்கிறது, நல்ல சிலிண்டர் தேடி சென்னை புதுப்பேட்டை வரை அலைய வேண்டியிருக்கும். எஸ்டி, பழைய புல்லட் இரண்டாவது வண்டியாக இருக்கட்டும்.

கை வைப்பதற்கு முன்

செல்போனை எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடியுங்கள், முக்கியமாக கேபிள் எந்த வழியாக வளைந்து போகிறது, வயர் எந்த நிறம் எந்த நிறத்தோடு சேர்கிறது என்று. ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு பெயர் எழுதுங்கள்.

ஸ்பேனர் 8, 10, 12, 14, 17, 19 நம்பர், பாக்ஸ் செட், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு), மல்டிமீட்டர், மேக்னெட் புல்லர் (இன்ஜின் மேக்னெட்டைக் கழற்ற) வேண்டும். அதோடு இம்பாக்ட் ஸ்க்ரூட்ரைவர் ஒன்று கட்டாயம். பழைய ஜப்பான் வகை இன்ஜினில் சைடு கவர் ஸ்க்ரூக்கள் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருக்கும், சாதா ஸ்க்ரூட்ரைவர் போட்டால் தலை மழுங்கிவிடும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, காலையில் இம்பாக்ட் வைத்துச் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினால் இளகிவிடும்.

அடுத்து, இங்கே நின்ற வண்டிக்கே உரிய ஒரு சோதனை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், வைக்கோலும் கிழிந்த சாக்கு நாரும் திணித்து எலி குடும்பம் நடத்தியிருக்கும். அப்புறம் சைலன்சர் வாய். குளவி அதற்குள் களிமண் கூடு கட்டி அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் இருட்டாகத்தான் தெரியும், கம்பியை விட்டால் ஒரு சாண் போனதும் கட்டியாக இடிக்கும், குத்தினால் காய்ந்த மண்ணும் உள்ளே பதப்பட்ட புழுக்கூடும் உதிரும். புகை வெளியேற வழி இல்லாவிட்டால் என்னதான் கிக்கர் உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது, பாவம் கார்புரேட்டரைத்தான் பத்து தடவை கழற்றுவீர்கள். பெட்ரோல் மூடியிலுள்ள காற்று ஓட்டையையும் இதே குளவி அடைக்கும். அப்படி அடைத்தால் வண்டி ரெண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று இழுத்து மறுபடி ஓடும்.

இன்ஜின் சுற்றுகிறதா

கிக்கரை உடனே உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ரெண்டு ஸ்பூன் 2டி ஆயிலோ (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலப்பது) இன்ஜின் ஆயிலோ விட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டு போட்டு டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் நல்லது. அசையவே இல்லை என்றால் டீசலும் ஆயிலும் கலந்து விட்டு நாலைந்து நாள் ஊறப் போட்டு, தினம் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். ஏறி மிதித்தால் கிக்கர் பல்லோ ரிங்கோ உடையும்.

2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு வேதாரண்யம் பக்கம் தண்ணீரில் கிடந்த வண்டிகளைப் போல, வெள்ளம் பார்த்த வண்டி என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அடி போல்ட்டைத் திறந்து ஆயிலை இறக்குங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலிவான ஆயில் ஊற்றி, சக்கரத்தால் சுற்றி, மறுபடி இறக்கி, நிறம் தெளியும் வரை மாற்றுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போன இன்ஜினை மட்டும் பிரித்தே ஆக வேண்டும், பேரிங்குக்கு வேறு வழி இல்லை.

டேங்க்

பழைய பெட்ரோல் பிசின் மாதிரி நாறும், அதை மொத்தமாக இறக்கிவிடுங்கள். பெட்ரோல் காக்கைக் கழற்றி அந்த ஓட்டையை ரப்பர் போட்டு அடைத்து, உள்ளே ஒரு பிடி நட்டுகளை எண்ணிப் போட்டு (எண்ணித்தான் எடுக்க வேண்டும்) சோப்புத் தண்ணீரோடு நன்றாகக் குலுக்குங்கள். அப்புறம் வெள்ளை வினிகரை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி ஊற்றினால் மேல்பாதித் துரு அப்படியே நிற்கும். ஒரு நாள், துரு அதிகமென்றால் ரெண்டு நாள். கொட்டிவிட்டு சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரில் ரெண்டு தடவை கழுவி, தலைமுடி காயவைக்கும் டிரையரால் சூடான காற்று விட்டு ஈரம் துளியும் இல்லாமல் காய வையுங்கள். இங்கே நிறுத்திவிட்டு சாப்பிடப் போனால் வரும்போது செம்மண் நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும். அதனால் காய்ந்த கையோடு கொஞ்சம் பெட்ரோலும் 2டி ஆயிலும் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் ஓடவிடுங்கள்.

டேங்கில் ஓட்டை என்றால் வெல்டிங் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்த டேங்கில்கூட பெட்ரோல் ஆவி இருக்கும், வெடிக்கும். டேங்க் வேலை தெரிந்த பட்டறையில் கொடுங்கள்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் இளக்கும். இந்த வண்டிகள் வந்த காலத்தில் அந்தக் கணக்கே கிடையாது. அதனால் பெட்ரோல் டியூப், காக் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங், ஃப்ளோட் நீடில் நாலையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போடுங்கள். அதிகச் செலவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

கார்புரேட்டரும் ஸ்பார்க்கும்

கார்புரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பச்சையாகவோ மஞ்சளாகவோ பிசின் படிந்திருக்கும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை உள்ளே மெதுவாக மூடி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். மெயின் ஜெட், பைலட் ஜெட் ரெண்டையும் எடுத்து கார்ப் கிளீனர் அடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பைலட் ஜெட் ஓட்டை முடி அளவுதான் இருக்கும், வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அடைப்பு போகவில்லை என்றால் நைலான் நரம்பால் குத்துங்கள். இரும்புக் கம்பி பித்தளையைக் கீறி ஓட்டையைப் பெரிதாக்கும், அப்புறம் மைலேஜ் பற்றிப் புலம்ப வேண்டியதுதான். பூட்டும்போது ஏர் ஸ்க்ரூ பழைய கணக்கில் இருக்கட்டும். கணக்கு தெரியாது என்றால் ஒன்றரைச் சுற்றில் ஆரம்பித்து, இன்ஜின் சூடான பிறகு சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்பார்க் பார்க்க பிளக்கைக் கேப்பில் மாட்டி அதன் இரும்பு உடலை இன்ஜின் மேல் ஒட்டிவைத்து உதைத்தால் நீலமாகப் பொறி வர வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பொறி இல்லை என்றால் உடனே சி.டி.ஐ. (பொறியை உண்டாக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) வாங்க ஓடாதீர்கள். புது பிளக், அப்புறம் கேப், அப்புறம் சாவி சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது, அப்புறம் காயில் எர்த் என்று மலிவிலிருந்து போங்கள். ஆர்எக்ஸ், சிடி 100 ரெண்டுக்கும் பிளக் முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பழைய புல்லட் மாதிரி பாயின்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த வண்டியில் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 வரை, முகத்தை மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்து பெட்ரோலில் துடைத்தாலே பாதி வண்டி உயிர் பெறும்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பம்ப் இருந்தாலும் முதல் டேங்க்குக்கு அதை நம்பாமல் பெட்ரோலிலேயே லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்துவிடுங்கள். வருஷக்கணக்கில் நின்ற பம்ப் ஆயில் தள்ளுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் ஆகிவிட்டதா? சரி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இன்னும் ரோட்டுக்குப் போகக் கூடாது.

பிரேக், சக்கரம், ஃபோர்க்

டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் துடைக்காதீர்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு உண்டு. ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். ஷூவைப் புதிதாகப் போட்டு, ஷூவை விரிக்கும் பிரேக் கேமைக் கழற்றி துரு தேய்த்து, கிரீஸ் லேசாக வைத்து மாட்டுங்கள். நின்ற வண்டியில் பிரேக் பிடித்த பிடியில் நிற்பது இந்தக் கேம் இறுகியதால்தான். கேபிள்களை ஆயில் விட்டுக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், க்ளட்ச், ஆக்ஸிலேட்டர், முன் பிரேக் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

அறுவடை சமயத்தில் ரோட்டில் போட்ட வைக்கோல் சக்கர ஆக்ஸிலில் சுற்றிச் சுற்றி இறுகி, ஆயில் சீலை அறுத்து, பேரிங்குக்குள் தண்ணீர் விடும். சக்கரத்தைக் கழற்றும்போது அந்த வைக்கோல் கயிறு அப்படியே வளையமாக வரும். பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றுங்கள், கரகரவென்றால் மாற்றுங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பக்கச்சுவர் வெடித்த பழைய டயரை நம்பாதீர்கள். ஃபோர்க் ஆயிலை இறக்கி சீல் மாற்றுங்கள், ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் கடக்கென்று உட்கார்ந்தால் பால் ரேஸ் செட் (ஹேண்டில்பார் பேரிங்) போய்விட்டது. செயின் தொய்வு ரெண்டு முதல் மூன்று சென்டிமீட்டர்.

வயரிங்

எலி கடித்த வயரை அங்கங்கே டேப் சுற்றி ஒட்டுவதைவிட முழு வயரிங் செட் மாற்றுவது மேல், அப்படிச் செய்தால் அடைமழையில் நடு ரோட்டில் நிற்க வேண்டியிருக்காது. ஹோண்டா வகையில் பச்சை எர்த், யமஹாவில் கறுப்பு எர்த், இதைக் குழப்பாதீர்கள். எர்த் வயர் சேசிஸோடு சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். லைட் மங்கல், ஹாரன் முனகல், இண்டிகேட்டர் அடம் எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு போல்ட்டில் தீர்ந்துவிடும். பழைய வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து பல்பு வாங்குங்கள்.

இன்ஜினை எப்போது திறப்பது

நூறு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் விடாமல் நீலப் புகை என்றால் ரிங் அல்லது வால்வு சீல். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாகக் கத்தினால் கிராங்க் சீல் வழியாகக் காற்று இழுக்கிறது, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டரோடு இறுகிவிடும்). புகை மிக அதிகமாகி கியர் ஆயில் குறைந்தால் க்ளட்ச் பக்கத்து சீல். வெறும் சக்தி குறைவு என்றால் முதலில் சைலன்சருக்குள் இருக்கும் குழலை உருவிக் கரியைத் தட்டுங்கள்.

சிடி 100-ல் டாப்பெட் (வால்வு) இடைவெளி இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். பழைய புல்லட்டில் ஃபீலர் கேஜே வேண்டாம், ஆறிய இன்ஜினில் புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.

போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்திருந்தால் லேத்துக்குப் போக வேண்டும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. பிஸ்டனை முதலில் வாங்கி அதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, அதை அளந்து போர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டி மேல் எழுதிய அளவை நம்பி அடித்த போர் இறுகும், இல்லை தட்டும். போர் முடிந்த வண்டியை முதல் 500 கிலோமீட்டர் 40-க்கு மேல் விரட்டக் கூடாது, ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டக் கூடாது.

துருவும் பெயிண்டும்

சின்ன இரும்புப் பாகங்களுக்கு மின்சார முறைதான் சிறந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் ஏதாவது பழைய இரும்புத் தகட்டுக்கு, ரெண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு ராத்திரியில் துரு கறுப்புச் சேறாகி உதிரும். தகட்டுக்கு எவர்சில்வர் போடவே கூடாது, நச்சுக் கழிவு உண்டாகும். அலுமினியமும் குரோம் பூச்சும் இதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். எடுத்ததும் அன்றே பிரைமர்.

மட்கார்டின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, அங்கேதான் வயல் களிமண் அப்பி மாதக்கணக்கில் ஈரம் பிடித்துத் தகட்டைத் தின்னும். முழுக்கச் சுரண்டி ரெட் ஆக்சைடும் அதன் மேல் வண்டி அடிப்பாகத்துக்கு அடிக்கும் கறுப்புப் பூச்சும் கொடுங்கள்.

பெயிண்டை மாசி முதல் வைகாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடித்தால் காற்றின் ஈரத்தில் பெயிண்ட் வெள்ளை பூத்துப் பளபளப்பு போய்விடும். 120-ல் ஆரம்பித்து 220, 400, கடைசியில் 800 வாட்டர் பேப்பர் வரை தேய்ப்பது, பிரைமர் எல்லாம் வீட்டிலேயே பொறுமையாகச் செய்யலாம். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யூ. பெயிண்டை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள், அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, அதை பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். அலுமினியக் கவர்களைப் பளபளப்பாக்க பித்தளைப் பாத்திரம் பாலிஷ் போடும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள், பஃப் சக்கரம் அங்கே இருக்கும்.

அப்புறம் வருஷா வருஷம்

சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் தூசி அதிகம், ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரை மாதம் ஒரு தடவை சோப்பில் கழுவிக் காயவைத்து ரெண்டு சொட்டு ஆயில் பிழிந்து மாட்டுங்கள். புரட்டாசி முடிவதற்குள் செயினுக்கு 90 கியர் ஆயில், கேபிள் முனைகளுக்கு கிரீஸ், பிளக் கேப்புக்கு நல்ல ரப்பர், பேட்டரி முனைக்கு வாசலின். நாகை, வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் ஓட்டுகிறவர்கள் வாரம் ஒரு தடவை கழுவுங்கள், ஆனால் வீட்டு போர் தண்ணீர் கரித்தால் அதில் கழுவுவது உப்பை மறுபடி பூசுவதுதான், மழைத் தண்ணீரோ குழாயில் வரும் நல்ல தண்ணீரோ பிடித்து வைத்து அதில் கழுவுங்கள். ஸ்போக் நிப்பிள்களில் ஆயில் தொட்டு வையுங்கள்.

அடைமழையில் நிறுத்துவதாக இருந்தால் மண் தரையில் வேண்டாம், பலகை மேல் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் உள்ளே வேர்க்கும், பருத்தித் துணி போதும். சைலன்சர் வாயில் ஒரு துணிப் பந்தைத் திணித்து, அதை மறக்காமல் இருக்க சாவியில் ஒரு சீட்டுக் கட்டிவிடுங்கள். வாரம் ஒரு தடவை பத்து நிமிஷமாவது, இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும்.